விமானத்தின் பின்கதவு

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மோர்டனில், எங்கள் வீட்டுச் சமையலறையில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் ஒன்றோடொன்று உரசி மெல்ல நடுங்கினால், கனத்த விமானம் ஒன்று தாழப் பறந்து போகிறது என்று பொருள். அப்போது அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் மாடிப்படிக்குக் கீழிருந்த அலுமாரிக்குள் குனிந்து புகுந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி இருப்பார். பயணிகள் விமானங்களை அவர் பொருட்படுத்துவதில்லை. அந்த உறுமல் மட்டும் அவருக்குச் "சகடை". யாழ்ப்பாணத்தில் சாமான் ஏற்றும் விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. போர் நாட்களில் அதன் பின்கதவால் படையினர் வெடிமருந்து அடைத்த பீப்பாய்களை உருட்டி விழுத்துவார்கள். அப்படி விழுந்த ஒன்றில் அம்மாவின் தங்கை கிணற்றடியிலேயே செத்துப்போனார்.

அந்த வீட்டிலிருந்துதான், எனக்குப் பதினொரு வயதானபோது, அண்ணை இந்த நாட்டு வான்படையின் பகுதிநேரப் பிரிவொன்றில் சேர்ந்தார். கிழமை நாட்களில் ஒரு மளிகை மொத்தக் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் போக்குவரத்து விமானத்தில் சாமான் ஏற்றிக் கட்டப் பழகுவது. "அஞ்சு நாள் அரிசி மூட்டை, ரண்டு நாள் ஆமி மூட்டை. உன்ர சாதகமே மூட்டைதானடா" என்று அப்பா பகிடி விடுவார். அம்மாவிடம் அண்ணை "ஸ்டோர் வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

குடும்பங்களைத் தளத்துக்கு அழைத்த ஒரு கோடை நாளில் அந்தப் பாதிப் பொய் உடைந்தது. விமானக் கொட்டகையின் சுவர் முழுவதும் அந்தப் பிரிவின் வரலாறு படங்களாகத் தொங்கியது: பழைய போரில் பரசூட் வீரர்களை இறக்கியவர்கள், பஞ்சம் வந்த நாட்டில் தானியம் போட்டவர்கள், காயப்பட்டவர்களை ஏற்றி வந்தவர்கள், எல்லோரும் கிழமை நாட்களில் தபால்காரர், பஸ் சாரதி, வங்கி எழுதுவினைஞர். அண்ணை ஒவ்வொன்றாகப் பெருமையோடு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். ஒரு படத்தில், திறந்த பின்கதவின் விளிம்பில் இருவர் ஒரு மூட்டையைக் காலால் உந்திக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே நின்றுவிட்டார்.

"இதுவோ உன்ர வேலை?"

"அம்மா, அது கோதுமை. பட்டினி கிடக்கிற சனத்துக்கு."

"மேல நிக்கிறவனுக்குத் தெரியும் கோதுமையெண்டு. கீழ நிக்கிறவளுக்கு என்னெண்டு தெரியும்?"

அதன்பின் அவர் அண்ணையோடு கதைக்கவில்லை. சமைத்தார், சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்தார், சொல் மட்டும் இல்லை. அந்த நிலையில்தான் தூரதேசப் போர் ஒன்றுக்கு அண்ணையை அழைத்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. பால் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்று, போய்விட்டு வருவதாகச் சொல்லி, உள்ளிருந்து "ஓம், போட்டு வா" என்ற மறுமொழி வந்த பிறகே வாசலைத் தாண்டுவோம். அன்று காலை அண்ணை பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் நின்றார்.

"அம்மா, போட்டு வாறன்."

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை மறுபடியும் சொன்னார்.

"ஒரு சொல்லுத்தானேயப்பா, சொல்லிவிடன்" என்று அம்மாவிடம் கெஞ்சினார் அப்பா. அம்மா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார். வெளியே டாக்சிக்காரர் ஹோர்ன் அடித்தார். மூன்றாம் முறை சொன்னபோது அண்ணையின் குரல் என்னுடையதைவிடச் சிறியதாக இருந்தது. மறுமொழி வராமலே வாசலைத் தாண்டினார்.

குளிர்காலத்தில் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தார். சோற்றைப் பிசைந்தபடி ஒரேயொரு முறைதான் அங்கே நடந்ததைச் சொன்னார்: தப்பி ஓடும் சனத்தால் ஓடுபாதையில் நின்ற விமானம் நிறைந்துவிட்டது, வெளியே பெண்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள், பின்கதவை மூடும் பொத்தான் அவரிடம் இருந்தது.

"இனி ஏத்தேலாது எண்டிட்டினம், அம்மா. பாரம் கூடிப்போச்சு. கீழ நிண்ட ஒரு மனிசி என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. நான் மூடிட்டன்."

"சாப்பிடு, மோனை" என்றார் அம்மா, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக. அண்ணை சாப்பிடவில்லை.

அந்தப் பிரிவு இப்போது இல்லை, கலைத்துவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் நிற்கிறது, சுவரில் தொங்கிய படங்கள் எங்கே போயின என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அப்பாவும் இல்லை. கோப்பைகள் நடுங்கினால் அம்மா இப்போது அலுமாரிக்குள் போவதில்லை, அண்ணை இருக்கும் குரோய்டனுக்கு போன் எடுக்கிறார். அநேகமாக அண்ணை அதை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொஞ்ச நேரம் இருப்பார், பிறகு "போட்டு வாறன்" என்று சொல்லாமலே எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடும் அம்மா, "போட்டு வா, மோனை. போட்டு வா" என்று, தெரு முனையில் அவர் முதுகு மறையும்வரை சொல்லிக்கொண்டே நிற்கிறார்.