ரேணுகாவின் ஸ்பானிஷ் நோட்டு

சேக்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ரேணுகாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வெளிநாட்டு நோயாளிகளிடம் போனில் பேசும் கம்பெனி. நானும் அங்கேதான் இருந்தேன். போன வருஷம் திடீரென்று, இனி ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குத்தான் வேலை, ஆறு மாதத்தில் தேர்வு என்றார்கள். போங்கடா என்று முதல் மாதமே நான் வேலையை விட்டு வந்துவிட்டேன். ரேணுகாவால் அப்படி வர முடியாது. அந்த மாதம்தான் அவள் புருஷன் பூபாலனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போயிருந்தன. நாற்பத்தொரு வயது. பட்டறையில் லேத் ஓட்டிய மனுஷன், தெருவில் அவர் குரல் கேட்காத நாள் கிடையாது.

ஆவடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அகல்யா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், தினமும் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து, வாயைக் காட்டி, அ, ஆ, இ, ஈ என்று சொல்லவைக்க வேண்டும் என்று. சாயங்காலம் வேனில் வந்து இறங்கி, அவருக்கு உடம்பு துடைத்து, சோறு ஊட்டி முடித்தால் ரேணுகாவுக்கு மிஞ்சுவதே அந்த ஒரு மணி நேரம்தான்.

ஸ்பானிஷோ அவளைப் பாடாய்ப் படுத்தியது. வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்துத்தான் படித்தாள். ஸ்பானிஷில் உயிரெழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு இருந்தால் நமக்கு என்ன தோன்றும்? நெடில் என்றுதானே. டாக்டருக்கு ஸ்பானிஷ்காரர்கள் சொல்லும் 'மெதிகோ'வை 'மேதிகோ' என்று எழுதினாள். நோட்டு முழுக்க அப்படியே. இரண்டு மாதப் படிப்பு வீண். அந்தக் கோடு உயிரெழுத்தை மாற்றாது, எ என்பது எ-யாகவேதான் இருக்கும், அந்த இடத்தில் குரலை அழுத்து, இழுக்காதே என்றான் கம்பெனி டிரெய்னர். சொல்வதற்கென்ன, குறில் நெடில் என்றே வளர்ந்த நாக்கு, அழுத்தப் போனால் இழுத்தது. உச்சரிப்பைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் தினமும் அவளை ஃபெயில் போட்டது.

அதனால் அந்த ஒரு மணி நேரமும் கண்ணாடி முன்னால் ஸ்பானிஷ் சொல்லிப் பார்ப்பதில் போனது. பூபாலன் பயிற்சித் தாளை இடது கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருப்பார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"இன்னா ரேணு, அந்த மனுசன் எம்மா நேரமா உன் மூஞ்சியே பாத்துகினு கீறாரு?"

"வேல பூட்ச்சின்னா மாத்திரய யாரு வாங்குவாக்கா? பாஸாயிட்டு அவராண்ட உக்கார்றேன்."

சும்மா இருந்தவள் நான், நானாவது போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இப்போது என்னை நானே திட்டி என்ன பிரயோஜனம்?

ஆறாம் மாதத் தேர்வில் ரேணுகா பாஸானாள். அடுத்த வாரம் பூபாலனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மூவரும் ஆவடிக்குப் போனோம். அகல்யா மேடம் அவரை 'அ' சொல்லச் சொன்னார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுதான் வந்தது. இத்தனை நாளில் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே, வீட்டில் தினமும் பயிற்சி நடந்ததா என்று ரேணுகாவைக் கேட்டார்.

"ஒருநாள் கூட உடாம பண்ணோம் மேடம்," என்றாள் ரேணுகா.

மேடத்துக்கு நம்பிக்கை இல்லை. பூபாலன் பக்கம் திரும்பி, "அவங்க சொல்றது உண்மையா சார்?" என்றார்.

பூபாலன் ரேணுகாவைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.