கடப்பு வழியே எங்கள் ஒழுங்கை

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த டீச்சர் அக்கரைப்பற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு நாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் குழு வரப்போகிறது, அவர்களைக் கல்முனையின் பழைய பகுதிகளுக்குள் நடத்திக்கொண்டு போய்க் காட்டப் போகிறோம் என்றார். வாகனம் கிடையாது, முழுக்க நடைதான். பள்ளிவாசல், சந்தை, கடற்கரை என்று இடங்கள் முடிவாகியிருந்தன. மக்கள் குடியிருக்கும் சிறுதெருவாக ஓர் ஒழுங்கை மட்டும் பாக்கி. ஒவ்வொருவரும் தங்கள் ஒழுங்கையை நடந்து பார்த்து, எந்த வீட்டில் யார், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று விசாரித்து, படம் கீறிக்கொண்டு வர வேண்டும். நல்ல படம் எதுவோ அந்த ஒழுங்கைக்குள் விருந்தாளிகள் வருவார்கள்.

அது எங்கள் ஒழுங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாப்பா தேவையான இடத்தில் கையெழுத்து வைப்பார், அதற்கு மேல் பேனாவோடு அவருக்குச் சோலி இல்லை. நான் ஒருத்தி வெள்ளைச் சட்டையும் பர்தாவுமாகப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வீடே வாசலுக்கு வந்து நிற்கும். அப்படி வழியனுப்பப்படுகிறவள் ஒரு ஒழுங்கையைக்கூட வெல்லாவிட்டால் எப்படி?

துணைக்கு மாமா கிடைத்தார். உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன். கட்டாரில் கட்டட வேலை செய்து கொண்டிருந்தவர், அப்போது லீவில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குக் குடிவருவார். வீடு முடியாவிட்டால் கலியாணமும் முடியாது. தகப்பன் இருந்தால் தகப்பன் கட்டுவார், இல்லாவிட்டால் சகோதரன் கட்டுவான். மாமா அப்படித்தான் உம்மாவுக்கு வீடு எழுப்பினார், பிறகு உம்மாவின் தங்கச்சி பெரிய சாச்சிக்கு எழுப்பினார். மூன்றாவது, கடைசித் தங்கச்சியான சின்ன சாச்சியின் வீடு. அது எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வளவின் மூலையில் ஜன்னல் மட்டத்துக்கு உயர்ந்து அப்படியே நின்றது. அறைகளாக வரவேண்டிய இடங்களில் எங்கள் கோழிகள் முட்டையிட்டன.

அந்த லீவில் மாமாவுக்கே ஒரு சம்பந்தம் வந்தது. மருதமுனைப் பெண். வீடு முடிந்து, பெயின்ட் அடித்து, கதவுக்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முடிவு சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையாகப் போய்விட்டால் அவருடைய உழைப்பு அந்த வீட்டுக்கு. சின்ன சாச்சியின் சுவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோரும் மாமா போகத்தான் வேண்டும் என்றார்கள்.

“காதடியில நரை விழுந்திட்டு காக்கா. இன்னும் எத்தின ஊடு கட்டப் போறீங்க?” என்று உம்மா கேட்பார்.

தனக்கொன்றும் அவசரமில்லை என்று சின்ன சாச்சி கோழிகளைப் பார்த்துச் சொல்வார். மாமா பெண்ணின் படத்தைப் பேர்ஸுக்குள் வைத்திருந்தார். யாரும் பார்க்காத நேரம் அதை எடுத்துப் பார்ப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பெரியவர்களுடைய விஷயங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி, ஒன்றோடொன்று சேராமல் தெரியும்.

ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் இறங்கினோம். பிரதான வீதியில் தொடங்கிக் கடலில் முடிகிற ஒழுங்கை அது. நான் முன்கூட்டியே கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டு ஆம்பிளையின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயரைத்தானே கேட்கிறார்கள். வீட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து மின்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த வீட்டின் வரலாறு என்னவென்று டீச்சர் சொல்லித் தந்த தோரணையில் கேட்டேன்.

“என்ட வரலாறெண்டாச் சொல்லலாம். ஊட்டுட வரலாறு எனக்கெப்பிடிப் புள்ள தெரியும்? நான் நிந்தவூர்லேருந்து வந்த ஆள்.”

இரண்டாவது வீட்டுக்காரர் சம்மாந்துறை. அடுத்தவருக்குத் தன் கலியாண நாளுக்கு முந்திய எதுவும் தெரியாது. ஆனால் அன்றைய சாப்பாட்டில் இறைச்சி வேகாமல் இருந்ததை நெடுநேரம் விவரித்தார். அதற்கடுத்த வீட்டில் இருந்தவர் என் படத்தை வாங்கி, தன் பெயர் எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்து உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“இத என்ட ஊட்டுக்காரிக்குக் காட்டிப் போடாதகா. இம்புட்டு வரிசமா நான் இஞ்ச விருந்தாளி. விருந்தாளிட்ட வந்து ஊட்டுக் கதையக் கேக்கியே.”

கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது என் படத்தில் நிந்தவூரும் சம்மாந்துறையும் சாய்ந்தமருதும் இருந்தன, எங்கள் ஒழுங்கை இல்லை. ஒழுங்கையின் கடைசி வளவுகளைச் சுனாமி கொண்டு போயிருந்தது, அத்திவாரங்கள் மட்டும் மணலில் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். மற்றப் பிள்ளைகளின் ஒழுங்கைகளுக்கு வரலாறு இருக்கும், எங்களுடையதில் எல்லோரும் வேறெங்கோ இருந்து வந்த ஆட்கள் என்று சொன்னேன்.

மாமா செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

“நீங்க முன்பக்கத்தால வந்தீங்க மகள். இந்த ஒழுங்கைய அப்பிடிப் பாக்க ஏலா. எழும்புங்க.”

திரும்பிய வழி வேறு. ரோட்டுக்கு வராமல் கடைசி வீட்டின் குசினிப் பக்கமாக உள்ளே போனார். அங்கே வளவு வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவில் ஒரு கடப்பு. அதைக் கடந்தால் அடுத்த வீட்டுக் குசினி. அதன் மறுபக்கம் இன்னொரு கடப்பு. நானும் அன்றாடம் எங்கள் வளவுக் கடப்பால் பெரிய சாச்சி வீட்டுக்குப் போய் வருகிறவள்தான். ஆனால் கடலிலிருந்து பிரதான வீதி வரைக்கும் ஒழுங்கையில் கால் வைக்காமல் கடப்பு கடப்பாகவே வரலாம் என்பது எனக்குத் தெரியாது. சிலர் தென்னோலைக் கிடுகு வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டியிருந்தார்கள். மதிலிலும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் வேலி நேராக வந்து ஒரு கிணற்றின் நடுவில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பாதிக் கிணறு இந்த வீட்டுக்கு, பாதி அந்த வீட்டுக்கு. இரண்டு பக்கமும் இரண்டு வாளி. மாமா சின்ன வயதில் இந்த வழிகளில் ஓடித் திரிந்தவர். இருட்டிலும் தலை தட்டாமல் குனிவார் போலிருந்தது.

கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமி, உம்மாவுக்கு ஒன்றுவிட்ட ராத்தா, மூத்த சகோதரி முறை. நான் படத்தைக் காட்டியதும் ஈரக் கையாலேயே சுட்டத் தொடங்கினார்.

“கீறுகா, சரியாக் கீறு. இது எங்கட உம்மாட ஊடு. வேலிக்கங்கால அவட தங்கச்சிட. அதுக்கங்கால மத்தத் தங்கச்சிட. எல்லாம் எங்கட உம்மாட உம்மாட ஒரே வளவுதானே. புள்ளைகளுக்குப் பிரிச்சிக் குடுத்தா, வேலி வந்திச்சி. கிணறு ஒண்டுதானே இருந்திச்சி, அதையும் பிரிச்சா.”

நான் ஆம்பிளைகளை அழித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது. கோடுகளால் அவர்களை இணைத்தபோது முழு ஒழுங்கையும் ஒரே மரமாக நின்றது. பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன், எங்கள் குடும்பத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நான். கோட்டைகளையும் மாளிகை இடிபாடுகளையும் குறிப்புப் புத்தகத்தோடு சுற்றிப் பார்த்திருக்கிறேன். அவற்றை எழுப்பியவர்கள் பகைவர் வராதபடி வாசலைக் குறுக்கினார்கள். தங்கச்சி வந்து போவதற்காக மதிலில் வழி விட்டு வைத்தவர்களை வேறெங்கும் நான் காணவில்லை.

மாமாவுக்குப் பெயர்களில் அக்கறை இல்லை. அவர் சுவர்களை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு சுவர் சுண்ணாம்புச் சாந்து என்றார், ஒரு கூரை மரம் பாலை என்றார். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: ஆரு கட்டினது?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. காக்கா. எங்கட பெரிய காக்கா. உம்மாட காக்கா. ஒருவர் வயல் வட்டையில் கூலிக்கு நின்று கல் வாங்கியவர். ஒருவர் காட்டிலிருந்து வண்டியில் மரம் இழுத்தவர். கிணற்றடி மாமியின் காக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் கட்டிக் கொடுத்த பிறகுதான் மாப்பிள்ளையானாராம்.

“தாடியெல்லாம் பஞ்சு. கலியாணத்தண்டு நாங்கதான் புடிச்சி வச்சி மருதோண்டி பூசின. பொண்ணு ஊட்டில ஆரோ மாப்பிள்ளட வாப்பாவெண்டு நினைச்சி கதிர எடுத்துப் போட்டாங்களாம்.”

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார்:

“அவருக்கு மனவருத்தம் இருந்திச்சா ராத்தா?”

மாமி மீனைத் திருப்பிப் போட்டார்.

“அது தெரியாது தம்பி. நாங்க கேக்கல்ல. ஊட்டுக்கு வந்தா இந்தச் சுவத்தத் தடவிப் பாப்பாரு. வெடிச்சிருந்தா அடுத்த நாள் சாந்தோட வருவாரு.”

மாமா அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள், வாங்க மாமா என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர் என் படத்தைக் கண்டதும் மற்றப் படங்களைச் சுருட்டி வைத்துவிட்டார். பெரிய பிரிஸ்டல் போர்டில் அதைத் திருப்பிக் கீறினேன். வியாழக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். மாமா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு முன்னால் நடந்தார், நான் போர்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கண்டி டீச்சர்மார் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடப்பிலும் குனிந்து நுழைந்தார்கள். பாதிக் கிணற்றில் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரம் வாளி போட்டுக் காட்டினோம். அன்று தன்னை விருந்தாளி என்று சொல்லிச் சிரித்தவரும் மற்ற வீட்டு மாப்பிள்ளைமாரும் தேநீர்த் தட்டோடு நின்றார்கள். எங்கள் டீச்சர் என் தோளில் கை வைத்தபடியே வந்தார். அன்று நான் நடந்த நடையை இன்றைக்கும் நடக்க விருப்பம்.

விருந்தாளிகளில் ஒருவர் மாமாவிடம், உங்கள் வீடு எது என்று கேட்டார்.

“பொறந்தது இந்த ஒழுங்கையில டீச்சர். போய் இரிக்கிறது எங்கயெண்டு நாளைக்குத்தான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வளவுக்கு வந்ததும் அதே டீச்சர் மூலையிலிருந்த அரைச் சுவர்களைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். இது இதில் இல்லையே மகள் என்றார். அது இன்னும் வீடாகவில்லை, அதனால் சேர்க்கவில்லை என்று தெளிவாக விளக்கினேன். சரியான விளக்கம் என்று என் டீச்சர் தலையாட்டினார். கோழிகளை விரட்டிக்கொண்டிருந்த சின்ன சாச்சி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

விருந்தாளிகள் போன பிறகு பின்னேரம் மாமா என்னைக் கூப்பிட்டார். பாயை விரித்து அதன் மேல் போர்டை வைத்திருந்தார். வெறுமையாக இருந்த மூலையில் விரலை வைத்தார்.

“இதில ஒரு கட்டம் கீறி, சின்ன சாச்சிட பேர எழுதுங்க மகள்.”

“அதுக்குக் கூரையில்லயே மாமா. ஊடில்லாததுக்குப் பேர் எழுத ஏலா.”

“கூர வரும். நீங்க எழுதுங்க. பென்சிலால இல்ல, மார்க்கரால.”

குசினியிலிருந்து உம்மா அகப்பையோடு வந்து நின்றார்.

“அப்ப நாளைக்கு மருதமுனைக்காரருக்கு என்ன சொல்றது காக்கா?”

“அவங்கட ஊடு முடிஞ்சி போச்சி தங்கச்சி. அதுக்கு ஆள் கிடைக்கும்.”

நான் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறினேன். சின்ன சாச்சியின் பெயரைத் தடித்த எழுத்தில், ஒன்றும் வளையாமல், மற்ற எல்லாப் பெயர்களையும் விட அழகாக எழுதினேன். இடம் மிச்சம் இருந்ததால் ஓரத்தில் ஒரு பூக்கொடியும் போட்டேன். முடித்து நிமிர்ந்தேன். உம்மா அகப்பையைப் பிடித்தபடியே நின்றார். சின்ன சாச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு போர்டையே பார்த்தார், அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. மாமா மட்டும் என் தலையைத் தடவினார்.

எங்கள் குடும்பத்தில் இப்படி எழுதக்கூடியவர்கள் அதுவரை யாரும் இருந்ததில்லை. அதனால்தான் எல்லோரும் வாயடைத்துப் போய் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, எழுத்து கலையாமல் இருக்க மெதுவாக ஊதினேன்.