நான் போட்ட சிவப்பு டிக்

போன வருடம் மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்து கிடந்த சமயம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ கிராமம் எங்களுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தமிழ் நன்றாகப் படிப்பேன். ஆங்கிலம் மட்டும் சுத்தமாக வராது.

ஆனால் என் மகளிடம் வரும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, "நைனா, உனக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டாள். "ஓ, வருமே" என்றேன். விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் ஏழாம் வகுப்புக்கு வரும்வரை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

அந்த வருடம் அவளுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பாடமாக வைத்தார்கள். கடலுக்கும் 'ஸீ', பார்ப்பதற்கும் 'ஸீ'. படகின் பாய்க்கும் 'சேல்', விற்பனைக்கும் 'சேல்'. சத்தம் ஒன்று, எழுத்து வேறு. எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்து தினமும் பத்து வாக்கியம் எழுத வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஏரியிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும் நோட்டு வந்துவிடும். சிவப்புப் பேனாவை வாங்கி, புருவத்தைச் சுருக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதுபோல் பார்த்து டிக் போடுவேன். பத்துக்குப் பத்து. அவளும் சிரிப்பாள். உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் காத்திருப்பேன்.

ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"நைனா, மிஸ் உன்ன இட்டுனு வரச் சொன்னாங்க."

"இன்னாத்துக்கு?"

"தெரில."

பள்ளிக்கூடம் என்றால் என் மனைவிதான் போவாள். அன்று அவள் ஆரம்பாக்கத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். வேறு வழியின்றி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஊர்க்கூட்டத்திலேயே கடைசியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் எழுந்து வருகிறவன் நான்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"பாதி வாக்கியம் தப்பு சார். ஆனா எல்லாத்துக்கும் டிக் இருக்கு. கேட்டா, நானே டிக் போட்டு, நானே கையெழுத்தும் போட்டேன்னு சொல்றா. இது பழகிடக் கூடாது, அதான் உங்கள வரச் சொன்னேன்."

பின் பெஞ்சிலிருந்து, "திருட்டு டிக்கு!" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அந்தப் பெயர் அவளுக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று புரிந்தது. என் மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் ஏரியில் வலை போட முறை உண்டு. அதைப் பாடு என்போம். இன்று யாருடைய பாடோ அவர்தான் அந்த இடத்தில் வலை போடலாம். முறை தப்பி ஒருவர் போட்டுவிட்டால், ஊர்க்கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவருக்காக இன்னொருவர் நிற்க முடியாது. இங்கே வலை போட்டது நான், கூட்டத்தில் நிற்பது என் மகள்.

"மிஸ், டிக்கு போட்டது நான். கையெழுத்தும் என்னுதுதான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

டீச்சர் நோட்டை மூடி வைத்தார். பிறகு என் மகளிடம், அதே வகுப்பின் முன்னால், "சாரிம்மா" என்றார். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க சார். இந்த வார்த்தைங்க எனக்கே சில சமயம் தடுமாறும், அகராதி பாத்துத்தான் திருத்துவேன். இனிமே தெரியாத இடத்துல ஒரு வட்டம் போட்டு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கரையோரமாக நடந்து வரும்போது மகளிடம், "ஏம்மா, நீ ஏன் பழிய ஏத்துக்கின?" என்று கேட்டேன்.

"உனக்கு இங்கிலீஷ் வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும் நைனா. ஒரு நாள் நோட்டத் தலைகீழா வெச்சிக்கினு பத்துக்கும் டிக் போட்ட."

எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்புறம் எதுக்குடி தினம் எங்கிட்ட நீட்டின?"

"டிக் போடறப்போ உன் மூஞ்சப் பாக்கணுமே! அம்மாம் சந்தோசமா இருப்ப."

அன்று மாலையே புது நோட்டு ஒன்றை எடுத்தோம். எங்கள் ஊர்ப் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மீனும் நட்சத்திரமும் வரைபவன் நான். அவள் சொல்லை எழுதி அர்த்தம் சொன்னாள், நான் பக்கத்தில் படம் வரைந்தேன். ஒரு 'ஸீ'க்கு அலை, மற்றதற்குக் கண். ஒரு 'சேலு'க்குப் பாய்மரம், மற்றதற்கு மீன் கூடையும் தராசும். அவள் வாக்கியத்தைப் படித்துப் பொருள் சொன்னால், நான் படத்தைத் தேடி எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுவேன். அரை மணி நேரம் ஆகும். அடுத்த பரீட்சையில் அவளுக்கு இரண்டே தப்புகள். அந்தப் படங்களால் எனக்கும் முப்பது சொற்கள் எழுத்தோடு பழகிவிட்டன.

இப்போதும் நோட்டு என்னிடம் வருகிறது. டிக் குறைவு, வட்டங்கள் அதிகம். ஆனால் அந்த வட்டங்களுக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது, முன்பு பத்துக்குப் பத்து போட்ட நாட்களில் இல்லாத ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது.