பளைக்குப் போன கணினி

வன்னியில் இருந்தவர்கள் இழந்ததைப் பற்றிப் பேசுவதென்றால் பெரிதாக எதையாவது இழந்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது போல. வீடு, காணி, ஆள். நான் ஒரு கணினியைப் பற்றி, அதுவும் கார் ஓட்டி விளையாடுவதற்காக நானே பாகம் பாகமாகத் தெரிவு செய்து பூட்டிய கணினியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரிப் போகும். போகட்டும். மற்ற இழப்புகளுக்கு அழ ஆட்கள் இருந்தார்கள். இதற்குக் கோபப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். வன்னிக்கு வந்து போகப் பாதை திறந்திருந்தது. கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அங்கிருந்த கணினி ஒன்றில் கார்ப் பந்தயம் ஓடுவேன். அது கிழட்டுக் கணினி. படம் நின்று நின்று வரும். வளைவு கண்ணுக்குத் தெரிவதற்குள் கார் மதிலில் மோதிவிடும். பகல் முழுக்க ஏ-ஒன்பது வீதியின் புழுதியில் சைக்கிள் உழக்குகிறவள் திரையிலாவது வேகமாகப் போக ஆசைப்பட்டால் அது குற்றமா? எங்கள் வீட்டில் குற்றம்தான். அப்பா இல்லாத வீடு. கலியாணம் ஆகாத அக்கா இருக்கிறாள். இதில் தங்கச்சிக்கு விளையாட்டு ஒரு கேடா என்பாள் அம்மா. நான் காது கொடுக்கவில்லை. சம்பளத்தில் பாதியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தில் சீட்டுக் கட்டினேன்.

சீட்டுக் காசு ஒரு முழுக் கணினிக்குக் காணாது. பாகங்களாக வாங்கிப் பூட்டினால் ஒருவாறு காணும். எதில் காசு போகலாம், எதில் போகக் கூடாது என்பதில் நான் கொடுங்கோலாட்சி நடத்தினேன். மொனிற்றர் பழையது போதும். பெட்டி நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க் சின்னது, ராம் அளவானது. கிராபிக்ஸ் காட் மட்டும் புதிதாக, நல்லதாக வேண்டும். விளையாட்டில் படத்தைக் கீறித் தருவது அதுதான். அதற்கு அடுத்தபடி பவர் சப்ளை. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பக்கத்து அரிசி ஆலையின் ஜெனரேற்றரில் இருந்து, பொழுதுபட்ட பிறகு கொஞ்ச நேரம் வரும். ஆலையில் ஏதாவது ஒரு மோட்டரைப் போட்டால் எங்கள் பல்ப்பு செத்துப் பிழைக்கும். அந்தக் கரண்டில் மலிவான பவர் சப்ளையைப் பூட்டினால் கிராபிக்ஸ் காட்டை நேரே அடுப்பில் வைக்கலாம்.

வாங்குவதற்கு வவுனியாவுக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆருக்குத் தங்கச்சி? தம்பிக்கோ?"

"எனக்கு."

சிரித்துக்கொண்டே ஒரு மதர்போட்டை எடுத்து வைத்தார். "ரைப் அடிக்க இது காணும். படமெல்லாம் போட்டிலேயே வரும்."

"கிராபிக்ஸ் காட் பூட்டுற இடம் இதில இருக்கோ?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"இருக்கோ, இல்லையோ?"

"இல்லை."

"அப்ப உள்ளுக்கு வையுங்கோ. இருக்கிறதைக் காட்டுங்கோ."

முகம் கறுத்துப்போய்ச் சொன்னார், "வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். விளங்கப்படுத்திச் சொல்லலாம்."

"எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்றேன். மத்தியானம் வரை நின்று, நான் நினைத்த பாகங்களைத்தான் வாங்கினேன்.

திரும்பி வரும்போது ஓமந்தையில் ஆமிக்காரர் ஒரு முறை, அதைத் தாண்டி மறு பக்கத்தில் இயக்கத்தினர் ஒரு முறை, பெட்டிகளைத் திறந்து கிண்டினார்கள். அங்கே சந்தேகத்துக்கு, இங்கே வரிக்கு. ஊசி ஊசியாக இருக்கும் மதர்போட்டின் அடிப்பக்கத்தை ஒருவன் கருவாட்டைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாய் திறந்தால் சாமான் போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பூட்டும்போது அக்கா பக்கத்தில் இருந்தாள். பால்மா ரின் மூடியில் திருகாணிகளை வைத்து, கேட்கக் கேட்க எடுத்துத் தந்தாள். ஆலை ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. சிவப்புக் கார் ஒரு இடத்திலும் நிற்காமல் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. நான் கத்தினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. பேசி வந்த சம்பந்தங்கள் இடப்பெயர்வோடும் சீதனத்தோடும் குழம்பிக் குழம்பிப் போனதில், அவள் சிரித்து நான் கண்டது குறைவு.

பிறகு பளையில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். தென்னங்காணி உள்ள குடும்பம், மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மாப்பிள்ளையின் தாய் அக்காவைப் பார்த்ததைவிட ஹோலில் இருந்த கணினியைத்தான் அதிக நேரம் பார்த்தா. இரண்டு நாளில் தரகர் வந்தார்.

"அவையள் காசு கேட்கேல்லை, காணி கேட்கேல்லை. அந்தக் கொம்பியூட்டரை மட்டும்தான் கேட்டவை. வீட்டுக்கு ஒரு வடிவாம்."

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, தாறம்" என்றாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

"அது என்ரை காசிலை வேண்டினது. ஆரைக் கேட்டுத் தாறம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஒரு பெட்டி பிள்ளை. உன்ரை கொக்காவின்ரை வாழ்க்கையைவிட அது பெரிசே?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தங்கச்சியாலும் பதில் சொல்ல முடியாது. தெரிந்துதான் கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்கு அம்மாவைவிட அவள்மேல்தான் கோபம் வந்தது. கலியாணத்துக்கு அடுத்த நாள், கட்டில், அலுமாரி, குத்துவிளக்கு ஆகியவற்றோடு என் கணினியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பளைக்குப் போனது. வைக்கோல் போட்டுத்தான் ஏற்றினோம் என்று அம்மா என்னைத் தேற்றினாள்.

ஆடிப்பிறப்புக்கு அக்காவுக்குக் கொழுக்கட்டை கொண்டு போனோம். பெரிய பனையோலைப் பெட்டி நிறையக் கொழுக்கட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். உள்ளே நுழைந்ததும் நான் தேடியது அக்காவை அல்ல. கணினி ஹோலின் நடுவில் இருந்தது. மொனிற்றருக்குப் பின்னல் சீலை போர்த்தி, அதன்மேல் பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்திருந்தார்கள். கரண்ட் வயரின் செருகி பொலித்தீன் பையோடு பின்னால் தொங்கியது. அதைச் செருகச் சுவரில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். சுவரில் ஒன்றுமே இல்லை. மேலே பல்ப்பும் இல்லை. மூலையில் அரிக்கன் லாம்பு இருந்தது.

"மாமி, உங்கட வீட்டில கரண்ட் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. இந்தப் பக்கம் எங்க கரண்ட்? எண்டாலும் வாற போற சனம் பார்த்திட்டு, மருமகள் கொம்பியூட்டரோட வந்தவா எண்டு சொல்லுதுகள்" என்றா மாமி, வாய் நிறையச் சிரிப்போடு.

கரண்டே இல்லாத வீட்டில் பூச்சாடி வைக்கவா நான் அந்தக் கடையில் அப்படி மல்லுக்கட்டினேன்? ஒரு மேசை கேட்டிருக்கலாமே. அம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு மாமியோடு விறாந்தைக்குப் போய்த் தேங்காய் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அத்தான் சங்கக்கடையில் இருந்து இன்னும் வரவில்லை.

அக்கா குசினியில் இருந்து வெறும் ஓலைப்பெட்டியோடு வந்தாள். கொழுக்கட்டைகளை எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது, இரண்டு தேங்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்காவின் மற்றக் கையில் திருகாணி கழற்றுகிற சாவி இருந்தது.

"வெறும் பெட்டி குடுக்கக்கூடாது" என்றாள். அவளுடைய குரலில் அவ்வளவு கோபம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "கெதியாக் கழட்டு. உனக்கு எது வேணுமோ எல்லாத்தையும் எடு. இவையளுக்குப் பெட்டி மட்டும் காணும்."

"உன்னைப் பேச மாட்டினமோ?"

"பேசட்டும். பேசுறதுக்கு இவையள் இதைத் திறந்து பார்க்க வேணுமே."

அவள் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கிராபிக்ஸ் காட்டைக் கழற்றினேன். பிறகு ராம், ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளையைக் கழற்ற நேரம் காணவில்லை, விறாந்தையில் கதை முடிகிற சத்தம் கேட்டது. அக்கா பாகங்களைப் பழைய பேப்பரில் சுற்றி ஓலைப்பெட்டியில் அடுக்கி, மேலே நாலு தேங்காயை வைத்தாள். தகட்டைப் பூட்டி, பூச்சாடியை நேராக்கினாள்.

"என்ன சம்பந்தி, இவ்வளவு பாரமாத் தாறியள்" என்று அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்து மாமியிடம் சொன்னாள். "எங்கட தேங்காய் நல்ல பருப்பு" என்றா மாமி.

அக்கா கேற் வரை வந்தாள். அவளும் எங்களோடு பஸ் ஏறப் போகிறாள் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் அதை மெதுவாக விடுவித்து, பெட்டியை என் இரண்டு கைகளிலும் வைத்தாள். "கவனமாக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.