இசக்கியப்பன் சூடும் எஞ்சின் சூடும்

செங்கோட்டையிலிருந்து குற்றாலம், தென்காசி வழியாகப் புளியங்குடிக்குப் போகும் பஸ்ஸை இசக்கியப்பன் ஓட்டினால், ஸ்டாப் இல்லாத இடத்தில் கலெக்டரே கை காட்டினாலும் நிற்காது. அதில் அவருக்கு அப்படியொரு கர்வம். சீசனில் அவர் குற்றாலத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற தோரணையைப் பார்த்தால், அருவியைத் திறந்துவிடுவதே அவர்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், சீசனுக்கு முந்தின மாதம், வலது கண்ணில் கட்டி கிளம்பியது. அது அமுங்குமுன் இடது கண்ணில் இன்னொன்று. பஸ் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

“சீசனுக்குள்ள கண்ணு தெளியலேன்னா வண்டிய செல்லச்சாமிகிட்ட குடுத்துருவேன். அரைக்கண்ணால ஓட்டுத வண்டில எவன்வே ஏறுவான்?”

மனிதர் ஆடிப்போய்விட்டார். செல்லச்சாமி அதே முதலாளியின் இன்னொரு டிரைவர்; எவர் கை காட்டினாலும் நிறுத்துகிற ஆள். அவனிடமா தன் வண்டி?

“எல்லாம் சூடு” என்றாள் மனைவி வடிவம்மாள். சூட்டுக்குக் காரணமா இல்லை! காலடியில் கொதிக்கிற எஞ்சின். போகிற ஊரிலெல்லாம் டீ. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. ஆனால் பெரிய காரணத்தை அவர் வீட்டில் சொன்னதில்லை. வண்டி ஏறினால் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. முன்பு ஒருநாள், கடையநல்லூர் தாண்டி அவசரத்துக்கு வண்டியை நிறுத்திப் புதர்ப்பக்கம் ஒதுங்கினார். “டிரைவருக்கே பிரேக் பிடிக்கலையே!” என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அன்றோடு தண்ணீருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வடிவம்மாள் அவருடைய கண்கட்டியில் நாமக்கட்டியை இழைத்துப் போட்டாள். விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம். டீ கிடையாது, கருவாடு கிடையாது. சனிக்கிழமை உச்சந்தலையில் நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்து, சீயக்காயும் கையுமாக, கோடை மழைக்குக் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்த ஐந்தருவிக்கு அனுப்பிவைத்தாள். ஊரையே அருவிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் தலை அருவியில் நனைந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. கடைசியாக ஒரு கூஜா நிறைய நீர்மோரைக் கண்டக்டர் மசூதிடம் கொடுத்தாள்.

“தம்பி, புளியங்குடி போறதுக்குள்ள இது காலியாகணும். மிச்சம் வச்சா எங்கிட்ட சொல்லிருங்க.”

மசூது கெட்டிக்காரன். டிக்கெட்டை விட்டாலும் விடுவானே தவிர மோரை விடமாட்டான். “குடிங்க அண்ணாச்சி. மதினிக்கு நான் பதில் சொல்லணும்லா?”

கண் தெளிந்தது. ஆனால் மோர் சும்மா இருக்குமா? ஸ்டாப்புக்கு ஸ்டாப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

சீசனின் முதல் நாள், சோதித்துப் பார்க்க முதலாளியே முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். கடையநல்லூர் தாண்டியதும் இசக்கியப்பனுக்கு அடிவயிறு கல்லானது. நிறுத்தினால் மானம் போகும். அடக்கினால் மறுபடி சூடு, மறுபடி கட்டி, அப்புறம் செல்லச்சாமி. புளியமரம் ஒன்றைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது.

“எஞ்சின் சூடாயிட்டு. கொஞ்சம் ஆறணும்” என்று பொதுவில் சொல்லிவிட்டுக் குதித்து ஓடினார்.

நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ் காலியாகக் கிடந்தது. ஆண்கள் மரத்துக்கு ஒருவராக நின்றார்கள். பெண்கள் ஓடைக்கரைப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் முதலாளி.

மசூது ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். “பச்சத்தண்ணியா இருக்கே, அண்ணாச்சி!”

“வாயை மூடுலே.”

முகம் தெளிந்து திரும்பிய முதலாளி, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஓய், எஞ்சின் விஷயத்துல அசட்டையா இருக்கப்பிடாது. தெனமும் இங்கன நிறுத்தி ஆறவச்சே போவும்” என்றார்.

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு முட்டியது. வண்டி தப்பியது, மானமும் தப்பியது என்று மீசையைத் தடவியபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். புளியங்குடிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதே பஸ்ஸில் போகும் ரெபேக்காள் டீச்சர் கடைசியாக ஏறினாள். அவள் கண்ணிலும் நாமக்கட்டி வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“ஒங்களுக்குமா கட்டி, டீச்சர்?”

“பின்னே? நீங்கதான் எங்கனயும் நிறுத்த மாட்டீங்களே அண்ணாச்சி. இந்த பஸ்ல போற நாங்க யாரும் காலைல தண்ணியே குடிக்கது கிடையாது.”

இசக்கியப்பன் மீசையிலிருந்து கையை எடுத்தார். கூஜாவில் மிச்சமிருந்த மோரை டீச்சரிடம் நீட்டும்படி மசூதிடம் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.