நாப்லா இடமாகச் சுற்றிய சிலுவை

அந்த அயர்லாந்துத் தீவில் நாப்லாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய் வெகுகாலம் ஆகிறது. அவளுக்கு மிச்சம் மகன் கோல்மனும் ஒரு கிடாவும்தான். கிடா காணாமல் போனதும் பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸ் மேல் சந்தேகம் பாய்ந்தது. கடற்பாசி அள்ளும் பாறைக்காகப் போன மாதம்தானே அவளும் அவனும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டார்கள்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

அந்தக் காலத்தில் தீவில் வாழ்ந்த துறவிகள் நட்டுவிட்டுப் போன கல்சிலுவையை வலமாகச் சுற்றினால் ஆசி, பட்டினி கிடந்து இடமாகச் சுற்றினால் சாபம். நாப்லா மகனுக்குக் காய்ந்த ரொட்டியும் மோரும் கொடுத்துவிட்டு, மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தாள். பிறகு விடியலில் போய் இடமாகச் சுற்றினாள்.

"என் கிடாவத் தின்ன ஃபெஸ்டஸ் கடலோட போகட்டும்!"

அன்று மத்தியானமே கிடா கத்தியது. துறவிகளின் இடிந்த கல்குடிசைக்குள் விழுந்து, ஏற வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. குற்றமில்லாதவன் மேல் ஏவிய சாபம் ஏவியவள் வீட்டுக்கே திரும்பும் என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும். நாப்லா மகனைத் தேடி ஓடினாள். வீட்டில் அவன் இல்லை. ஃபெஸ்டஸின் மனைவி வின்னி தன் வீட்டு வாசலில் நின்றாள்.

"கோல்மனப் பாத்தியா?"

"எங்க வீட்டுக்காரரோட படகுல போயிருக்கான். மூணு நாளா உன் வீட்டுல புகையே இல்லியே! 'அக்கா பட்டினி கிடக்கா, கேட்டா வெக்கப்படுவா. பையனக் கூட்டிட்டுப் போயி மீன்ல பங்கு குடுத்துடறேன்'னாரு."

காற்று திரும்பிக் கடல் கறுத்துக்கொண்டிருந்தது. நாப்லா அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சபிக்கப்பட்டவன் வீட்டு ஆளும் கூட நடந்து சிலுவையை வலமாகச் சுற்றினால்தான் சாபம் இறங்கும். சொல்லாமல் வேறு வழியில்லை.

"அடிப்பாவி! உன் வயித்துக்குப் போட நெனச்ச மனுஷனுக்கா?" என்றாள் வின்னி. சால்வையை இழுத்துப் போர்த்தாள். "எந்திரி. நட."

மழையில் வலமாகச் சுற்றினார்கள். நாப்லா நீட்டிய கையை வின்னி தொடவில்லை.

"அவரு வந்தா நீயே சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாயும்போது, துடுப்பு ஒன்றை இழந்து, படகு கரை ஏறியது. நாப்லா மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நனைந்து நடுங்கிக்கொண்டு ஃபெஸ்டஸ் ஒரு பெரிய மீனை நீட்டினான்.

"இந்தாக்கா. மொதல்ல போயி அடுப்ப மூட்டு."

வின்னி வைத்த கண் வாங்காமல் நாப்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனக் கீழ வை, ஃபெஸ்டஸ்" என்றாள் நாப்லா. "நான் சொல்றதக் கேளு. அப்புறமும் குடுக்க மனசு வந்தா, குடு."