மாமாவின் துடுப்பு

சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. ராயபுரம் கடலோரத்தில் எங்கள் குப்பம்.

அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. அந்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே நோய். காய்ச்சல் இல்லை, புண் இல்லை. பேச்சு நின்றுபோனது. சோறு இறங்கவில்லை. விடிந்த பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். சித்தப்பா எங்கள் வீட்டில், அத்தை நாலு குடிசை தள்ளிப் புருஷன் வீட்டில். மனசு விட்டுப்போச்சு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். இலை உதிர்ந்ததுதான் மிச்சம்.

சித்தப்பா அடி வாங்கியது மணலில், எல்லோர் கண் முன்னாலும். வலை இழுக்கக் கூப்பிட்டவனுக்கு அவர் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்து அவன் அறைந்தான். உதடு கிழிந்தது. அன்றைக்கே கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கைநீட்டியவனின் துடுப்பைக் கொண்டுவந்து கோயில் வாசலில் போட்டுவிடுவார்கள். ஊர் மன்னிக்கும்வரை அவன் கட்டுமரம் கரையில்தான் கிடக்கும். அடித்தவன் வந்து சித்தப்பாவைக் கும்பிட்டான். துடுப்பு திரும்பக் கிடைத்தது.

அத்தை அடி வாங்கியது வீட்டுக்குள். உலை வைக்கவில்லை, எழுந்திருக்கவில்லை என்று மாமா அடிப்பார். அதற்கு ஊர் கூடியதில்லை. ஒருநாள் ஒரு கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"தடுக்கி வுய்ந்துட்டா," என்று அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

காலையில் கொண்டுபோய் விடுவதாக அப்பா மாமாவிடம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அத்தை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

எனக்கு வழி தெரிந்திருந்தது. விடிந்ததும் மாமாவின் துடுப்பை இழுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் போட்டேன். அது என்னைவிட நீளம்.

"யார்துடி இது?" என்று கேட்டார் ஊர்த் தலைவர்.

"மாமாவுது. அத்தைய அடிச்சிட்டாரு."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அட கய்தே, அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்டி!" என்றார் ஒருவர். "பஞ்சாயத்துக்கு ஆள் வந்துட்சி, பாய் போடுங்கப்பா!" என்றார் இன்னொருவர். மாமாவும் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் குனிவதற்குள் சித்தப்பா வந்து துடுப்பின் மேல் உட்கார்ந்தார். அடி வாங்கிய நாளுக்குப் பிறகு வாசலைத் தாண்டாதவர்.

"மச்சான், ஏந்திரு. கடலுக்கு நேரமாவுது."

சித்தப்பா நிமிரவில்லை.

"பைத்தியம், ஏந்திரு!" மாமா கையை ஓங்கினார்.

"டேய், அவன் மேல கை வச்சே, இன்னொரு கூட்டம் போடணும்," என்றார் தலைவர். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மாமாவின் கை இறங்கியது. வெயில் ஏறியது. மற்ற கட்டுமரங்கள் எல்லாம் போய்விட்டன. சித்தப்பா அப்படியே இருந்தார்.

கடைசியில், கூட்டத்தில் நின்றிருந்த அப்பா வாயைத் திறந்தார். "தங்கச்சி எங்க வூட்லயே இருக்கட்டும். நீ கடலுக்குப் போ."

சித்தப்பா எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அத்தை அதன் பிறகு மாமா வீட்டுக்குப் போகவில்லை. நான்தான் ஜெயித்தேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்தப்பாவின் மேல் விழப் பயந்த கை, அத்தையிடம் ஏன் பயப்படவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.